வியாழக்கிழமை மௌனத்துக்கு முன்பதிவு

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு மணிக்காரர் தன் ஊர் செத்துப்போன செய்தியைப் படித்தார். செத்தது வியாழக்கிழமை.

அவர் கையில் இருந்தது செய்தித்தாள் அல்ல. உலக நியாய மாமன்றத்தின் வாராந்தர மௌனப் பட்டியல். எந்த நாட்டில் மனிதர்கள் கொத்தாகச் செத்தாலும் மாமன்றம் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்கும். முதல் மணி அடித்தால் எழ வேண்டும். இரண்டாவது மணி அடித்தால் உட்காரலாம். இரண்டுக்கும் நடுவில் யாரும் பேசக் கூடாது, உட்காரக் கூடாது, வெளியே போகக் கூடாது, போனைத் தொடக் கூடாது. அந்த இரண்டு மணியையும் அடிப்பதுதான் நம் மணிக்காரரின் உத்தியோகம். பேச்சாளர்கள் மூன்று நிமிடத்தைத் தாண்டினால் அதற்கும் ஒரு தட்டு. இருபத்திரண்டு வருஷமாக அதே மேடை ஓரம், அதே பித்தளை மணி, முழங்கையில் ஒட்டுப் போட்ட அதே கறுப்புக் கோட்டு. அத்தனை வருஷத்தில் அந்த மண்டபத்துக்குள் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

பட்டியலில் ஐந்தாவது வரி இப்படி இருந்தது: "வியாழன், முற்பகல் 11.20. ஆற்றங்கரை ஊரில் உயிர்நீத்த ஐநூற்று நாற்பது பேருக்கு. கால அளவு ஒரு நிமிடம்."

ஆற்றங்கரை ஊரில்தான் அவர் பிறந்தார். அவர் தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பிரசவம் பார்க்கிற நர்ஸ். மணிக்காரர் நடைபாதைக்கு ஓடி வந்து போன் போட்டார்.

"கை ஈரமா இருக்குண்ணா, அப்புறம் பேசட்டுமா?"

"நீ உயிரோட இருக்கியா?"

"இது என்ன கேள்வி? இப்பதான் ஒரு பிரசவம் பார்த்துட்டு வந்து நிக்கறேன். பொண்ணு. ரெண்டே முக்கால் கிலோ. உயிரோட இல்லாமலா இதெல்லாம் பண்ணுவாங்க?"

"இங்க ஐநூத்து நாப்பது பேர் செத்துட்டதா போட்டிருக்கும்மா."

"தப்பு. இப்ப ஐநூத்து நாப்பத்தொண்ணு." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எந்தத் தேதி போட்டிருக்கு?"

"வியாழக்கிழமை."

அவள் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

விஷயம் இதுதான். ஊரிலிருந்து பதினோரு பையன்களைப் பள்ளிக்கூட வாசலில் வைத்து ராணுவ லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்டு ஊரே மனு எழுதியது. முதல் கையெழுத்து தங்கையுடையது. மனுவுக்குப் பதிலாக ராணுவம் வந்து மூன்று பக்கமும் நின்றது. நான்காவது பக்கம் ஆறு. ஆற்றின் குறுக்கே ஓர் ஆள் மட்டும் நடக்கிற அகலத்தில் மரப்பாலம். அதைத் தாண்டினால் அடுத்த நாடு. ஆனால் மேட்டின் மேல் ஒரு பீரங்கியை நிறுத்தி, பாலத்தில் யார் கால் வைத்தாலும் சுடுவோம் என்றார்கள்.

"டாங்கி வேணாம், விமானம் வேணாம்" என்றாள் தங்கை. "நாலு வெளிநாட்டுக்காரங்க வந்து பாலத்துல நின்னாப் போதும். கையில துப்பாக்கிகூட வேணாம், குடை பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும். வெளியாளுங்க பார்த்துக்கிட்டிருந்தா இவனுங்க சுட மாட்டானுங்க. ஒரு மணி நேரத்துல நாங்க எல்லாரும் அந்தப் பக்கம் போயிடுவோம். உன் ஆபீஸ்ல அத்தனை பேர் சும்மாதானே உக்காந்திருக்காங்க? நாலு பேரைக் கேட்டுப் பாரேன்."

"கேக்கறேன்" என்றார் மணிக்காரர்.

பட்டியல் தயாரிக்கிற அதிகாரி அம்மாள் மூன்றாவது மாடியில் இருந்தார். நல்ல மனுஷி. எல்லோருடைய சாவையும் தேதிவாரியாக அடுக்கி வண்ண அட்டை போட்டு வைத்திருப்பார்.

"மேடம், வியாழக்கிழமை பட்டியல்ல ஒரு பிழை."

"எங்கே? எண்ணிக்கையா?"

"ஐநூத்து நாப்பத்தொண்ணு மேடம். காலையில ஒரு குழந்தை பொறந்திருக்கு. ஆனா நான் சொல்ல வந்தது..."

அம்மாள் அதற்குள் பேனாவை எடுத்து நாற்பதை அடித்து நாற்பத்தொன்று என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டுவிட்டார். "நல்லவேளை, இப்பவே சொன்னீங்க. அச்சுக்குப் போயிருந்தா அந்தக் குழந்தைக்கு மௌனம் கிடைச்சிருக்காது."

"மேடம், யாருமே சாகலை."

பேனா நின்றது. "அதைத் திருத்த முடியாதே. எண்ணிக்கை கூடினா நானே திருத்தலாம். குறையறதா இருந்தா சம்பந்தப்பட்ட நாடு எழுத்துமூலம் கேக்கணும்."

"சம்பந்தப்பட்ட நாடுதானே மேடம் கொல்லப்போகுது?"

"அதான் சம்பந்தப்பட்ட நாடுன்னு சொல்றோம்" என்றார் அம்மாள் பொறுமையாக.

மணிக்காரர் நான்கு பேர், குடை, பாலம் என்று தங்கை சொன்னதைச் சொன்னார். அம்மாள் அலமாரியைத் திறந்து காட்டினார். அதில் இரண்டே கட்டு இருந்தது.

"இங்கே ரெண்டு படிவம்தான் இருக்கு. இது படையெடுப்பு, எண்பது பக்கம். இது மௌனம், அரைப் பக்கம். நடுவுல எதுவும் கிடையாது. குடைக்கு நான் எங்கே போக?"

"புதுசா ஒரு படிவம் அடிக்கக் கூடாதா?"

"அதுக்கு ஒரு குழு இருக்கு. பதினாலு வருஷமா உக்காந்திருக்காங்க. படிவத்துக்குத் தலைப்பு வைக்கறதுல கொஞ்சம் கருத்து வேறுபாடு." அவர் மணிக்காரரின் முகத்தைப் பார்த்தார். நிஜமாகவே மனசு கேட்கவில்லை. "வேணும்னா ஒண்ணு பண்றேன். உங்க யோசனையை அடிக்குறிப்பா சேர்க்கறேன். உங்களுக்காக மௌனத்துல முப்பது விநாடி கூட்டித் தரவா?"

மணிக்காரர் முப்பது விநாடி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.

அவர் நாட்டுப் பிரதிநிதியை ஊழியர்கள் 'சர்க்கரை' என்று அழைப்பார்கள். அவ்வளவு இனிமையான மனிதர். வாசல் காவலருக்கும் வணக்கம் சொல்வார். எதிராளி பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். செவ்வாய்க்கிழமை அவர் தேநீர் அறையில் தனியாக இருந்தபோது மணிக்காரர் போய் நின்றார்.

"உக்காருங்க மணிக்காரரே. நம்ம நாட்டு ஆளு, நின்னுக்கிட்டு பேசலாமா?"

"ஐயா, ஆற்றங்கரை ஊர்ல இன்னும் யாரும் சாகலைங்க."

"தெரியுமே. வியாழக்கிழமைதானே" என்றார் சர்க்கரை, மணிக்காரருக்கும் ஒரு கோப்பை தேநீர் கலக்கிக் கொடுத்தபடி. "இந்த மன்றத்துல மௌனத்துக்கு எவ்வளவு தட்டுப்பாடுன்னு உங்களுக்கே தெரியும். வடக்கு மாவட்டத்துக்காரங்களுக்கு நாலு மாசம் காத்திருந்தோம். பாவம், அந்த ஆத்மாக்கள் என்ன நினைச்சிருக்கும்? அதனாலதான் இந்தத் தடவை முன்கூட்டியே பதிவு பண்ணிட்டோம். சொந்த மக்கள் இல்லையா?"

"சொந்த மக்களை எதுக்குய்யா...?"

"அது உள்நாட்டு விவகாரம்." இதையும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். "ஆனா ஒண்ணு, நாங்க மரியாதை தெரிஞ்சவங்க. இந்த மன்றம் எங்களைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கும்போது நாங்க சுட மாட்டோம். பதினோரு மணிக்கு விவாதம் ஆரம்பிச்சதும் பீரங்கி வாயை மூடிடும். எல்லாம் முடிஞ்சு, மௌனமும் முடிஞ்சு, நான் வெளியே வந்து போன் பண்ணினாத்தான் மேற்கொண்டு வேலை. அதுவரைக்கும் பாலத்துல யானை போனாலும் தொட மாட்டாங்க. ஒழுங்குன்னா ஒழுங்குதான்."

மணிக்காரருக்குத் தேநீர் புரையேறியது. சர்க்கரை எழுந்து வந்து முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அன்றைக்கே தங்கைக்குச் சொன்னார். வியாழன் பதினோரு மணியிலிருந்து பதினொன்று இருபத்தொன்று வரை சுட மாட்டார்கள்.

"இருபத்தோரு நிமிஷம்" என்றாள் தங்கை. "ஒத்தை வரிசையில போனா நிமிஷத்துக்குப் பன்னெண்டு பேர். கட்டில்ல கிடக்கறவங்களைத் தூக்கிட்டுப் போகணும். வலி எடுக்கற நிலைமையில ஒருத்தி இருக்கா. ஒரு மணி நேரம் வேணும்ணா."

"நீ முதல் ஆளாப் போயிடு."

"ஆமா, போறேன். நீ மணியை மட்டும் மெதுவா அடி" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் முதல் ஆளாகப் போகமாட்டாள் என்பது அண்ணனுக்குத் தெரியாதா?

மணிக்காரர் கணக்குப் போட்டார். இந்த மன்றத்தில் மூன்று நிமிடத்தில் பேச்சை முடித்தவன் கிடையாது. மணியைத் தட்டத் தட்டப் பேசுவார்கள். தட்டாமல் விட்டால் மூன்று பேச்சாளர்களும் மத்தியானம்வரை இழுத்துவிடுவார்கள். பிரசங்கிகளின் வாயை நம்பி முதல்முறையாக அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

வியாழக்கிழமை பதினோரு மணி. விவாதம் தொடங்கியது. பொருள்: ஒரு நாடு தன் மக்களைக் கொல்லும்போது மற்ற நாடுகள் தலையிடலாமா, கூடாதா.

முதலில் எழுந்தவர் 'ஜன்னல்காரர்'. ஆற்றங்கரை ஊருக்குப் பக்கத்து நாட்டுப் பிரதிநிதி. பாலத்தின் மறுமுனை அவர்களுடையது. பெயர்க் காரணம் அவர் பேச்சிலேயே இருந்தது.

"ஒரு நாடு என்பது ஒரு வீடு. அடுத்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் பண்புள்ளவன் என்ன செய்வான்? தன் வீட்டு ஜன்னலைச் சாத்துவான். சென்ற ஆண்டு மட்டும் நாங்கள் முப்பத்தாறு ஜன்னல்களைச் சாத்தினோம். இன்று அவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் நாளை எங்கள் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பீர்கள். எங்கள் வீட்டில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் யாரும் பார்க்கக் கூடாது என்கிறோம். யாராவது பாலத்தைத் தாண்டி வந்துவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் தருவோம். அதற்கு மேல் தலையிட மாட்டோம்."

உட்கார்ந்துவிட்டார். இரண்டே நிமிடம். மணிக்காரர் திகைத்துப்போய் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். பதினொன்றரைக்குத் தோட்டத்தில் எல்லாப் பிரதிநிதிகளும் சேர்ந்து குழுப் படம் எடுக்கிறார்களாம். அடடா, இன்றைக்குப் பார்த்தா எல்லோருக்கும் சுருக்கமாகப் பேச வரவேண்டும்?

அடுத்தவர் 'பெரியண்ணன்'. உலகத்திலேயே பெரிய படை வைத்திருக்கிற நாட்டுக்காரர். ஆற்றங்கரை ஊருக்காக இரண்டு மாதமாகத் தொண்டை கிழியப் பேசிவருகிறவர்.

"தலையிட்டே ஆக வேண்டும். எங்கள் விமானிகள் அந்த மக்களை நேசிக்கிறார்கள். இருபதாயிரம் அடி உயரத்திலிருந்தும் நேசிக்கிறார்கள். ஆனால் அடிக்குறிப்பில் யாரோ ஓர் ஊழியர் நான்கு பேரைக் குடையோடு அனுப்பச் சொல்லியிருக்கிறார். நான்கு பேருக்காகவா நாங்கள் படை வைத்திருக்கிறோம்? நாற்பதாயிரம் பேர் என்றால் பேசலாம். முதலில் மின்சாரத்தை அழிப்போம், பிறகு சாலைகளை, அப்புறம் பாலத்தை. அந்த மக்கள் சுதந்திரமாக இருக்கிறார்கள் என்று நிச்சயமாகும்வரை திரும்ப மாட்டோம்."

மூன்று நிமிடம். அவரும் டையைச் சரிசெய்தபடி உட்கார்ந்தார்.

கடைசியாக எழுந்தவர் 'காப்பாற்றப்பட்டவர்'. ஒன்பது வருஷத்துக்கு முன் பெரியண்ணன் காப்பாற்றிய நாட்டின் பிரதிநிதி. ஒல்லியான மனிதர், காகிதம் இல்லாமல் பேசினார்.

"எங்களைக் காப்பாற்றினார்கள். நன்றி. எங்கள் கொடுங்கோலன் போனான். கூடவே குழாயில் தண்ணீரும் போனது. இப்போது எங்களுக்கு மூன்று கொடுங்கோலர்கள், தண்ணீர் இன்னும் வரவில்லை. அதனால் தலையிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன்." நிறுத்தினார். "ஆனால் பழையவன் காலத்தில் என் மகனை வீட்டு வாசலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு வெளியாள் யாராவது எங்கள் தெருவில் வந்து நின்றிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. சண்டை போட வேண்டாம். சும்மா நின்றிருந்தால் போதும். குடை யோசனை யாருடையது என்று தெரியவில்லை. அவருக்கு என் வணக்கம்."

"இரு தரப்பையும் ஆதரித்துப் பேசியதற்கு நன்றி" என்றார் மாமன்றத் தலைவர். "தீர்மானம் எதுவும் இல்லாததால், உயிர்நீத்தவர்களுக்காக எழுந்து நிற்போம்."

மணி பதினொன்று ஒன்பது. மேசைக்கு அடியில் மணிக்காரரின் உள்ளங்கையில் போன் அதிர்ந்தது. "நூத்தி எட்டு பேர் தாண்டியாச்சு. பீரங்கிக்காரன் பாலத்தையும் போனையும் மாத்தி மாத்திப் பார்க்கறான்."

அவர் முதல் மணியை அடித்தார். அத்தனை நாடுகளும் எழுந்து நின்றன.

ஒரு நிமிடம் ஆனது. மணிக்காரரின் வலது கை மணியின் நாக்கை இறுக்கிப் பிடித்திருந்தது. அடிக்கவில்லை.

மூன்றாவது நிமிடத்தில் இருமல்கள் தொடங்கின. ஐந்தாவது நிமிடத்தில் தலைவர் ஒரு சீட்டில் எழுதி அனுப்பினார்: "இன்னும் எவ்வளவு?" எழுதுவதற்கு விதியில் தடை இல்லை. மணிக்காரர் பின்பக்கத்தில் எழுதினார்: "ஒரு நிமிடம் ஐயா." தலைவர் படித்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்.

பத்தாவது நிமிடத்தில் பட்டியல் அம்மாள் கண்ணை மூடினார். ஜன்னல்காரர் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றார். யாராவது ஒருவர் வாயைத் திறந்து 'போதும்' என்றால் முடிந்தது. ஆனால் செத்தவர்களுக்கான மௌனத்தை முதலில் கலைத்த நாடு என்ற பெயரை எந்த நாடு வாங்கிக்கொள்ளும்? சர்க்கரை கைகட்டி, தலைகுனிந்து, அசையாமல் நின்றார். அவரே கேட்டு வாங்கிய மௌனம். அவரா கலைப்பார்?

"இருநூத்தி அறுபது." "நானூறு." மணிக்காரர் கண்ணீரைத் துடைக்கவில்லை. துடைக்க வேண்டுமென்றால் மணியையோ போனையோ விட வேண்டும். கீழே தோட்டத்தில் புகைப்படக்காரர் நாற்காலிகளை நிழல் பக்கம் நகர்த்தும் சத்தம் கேட்டது.

"ஐநூத்தி எட்டு. இன்னும் முப்பத்துமூணு. எல்லாம் தூக்கிட்டுப் போகவேண்டியவங்களும் தூக்கறவங்களும்தான். நானும் இவங்களோட வர்றேன். அன்னிக்குச் சொன்னேனே, அவளுக்கு வலி எடுத்துடுச்சு, கட்டிலோட தூக்கறோம். பிடிச்சுக்கோண்ணா."

அப்போதுதான் பெரியண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ஒரு திறப்பு விழா இருந்தது. ஆற்றங்கரை ஊர் மக்களின் துயரத்தைப் பற்றிய புகைப்படக் கண்காட்சி. அவர்தான் ரிப்பன் வெட்ட வேண்டும். அவர் இருக்கையை விட்டு நகர்ந்தார், மேடை ஏறினார், ஒரு வார்த்தையும் பேசாமல், விதியை மீறாமல், மணிக்காரரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மணியை வாங்கித் தானே அடித்தார்.

உலகம் முழுவதும் 'அப்பாடா' என்று உட்கார்ந்தது.

"முப்பத்துநான்கு நிமிடம்" என்றார் தலைவர், குரல் தழுதழுக்க. "இந்த மாமன்றத்தின் வரலாற்றிலேயே மிக நீண்ட மௌனம். ஓர் ஊருக்காக உலகம் இதற்கு மேல் என்ன செய்துவிட முடியும்?"

கைதட்டல் கூரையைத் தொட்டது. சர்க்கரை எழுந்து நான்கு திசைக்கும் வணங்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தபடி கதவை நோக்கி நடந்தார்.

மணிக்காரர் ஓடினார். ஐம்பத்தெட்டு வயசுக்காரர் ஓடுகிற மாதிரி ஓடவில்லை. மேடையிலிருந்து குதித்து, நாற்காலிகளை இடித்துத் தள்ளி, நடைபாதையில் சர்க்கரையின் சட்டைக் கையைப் பிடித்தபோது, அவர் விரல் ஏற்கனவே போனின் மேல் இருந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம். நான் உங்ககிட்ட நம்ம நாட்டைப் பத்திப் பேசணும்."

சர்க்கரை யோசித்தார். மன்றத்தின் ஊழியர். மன்றத்தின் கட்டடம். பேச்சும் நாட்டைப் பற்றியது. மரியாதை தெரிந்த மனிதர் அல்லவா? போனைக் காதுக்குக் கொண்டுபோகாமல் மார்போடு வைத்துக்கொண்டார். "தாராளமா. நீங்க பேசி முடிச்சதும் நான் என் வேலையைப் பார்க்கறேன். குறுக்கே பேசற பழக்கம் எனக்கு இல்லை."

மணிக்காரர் வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களை நிறுத்தியே பழகிய மனிதருக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சர்க்கரையின் கட்டைவிரல் அசைந்தது.

"எனக்கு ஒரு தங்கச்சி இருக்காய்யா" என்றார் அவசரமாக. "நர்ஸ். சின்ன வயசுல ரொம்பப் பிடிவாதம். ஒருதடவை காய்ச்சல்னு ஸ்கூல் போகலை. அன்னிக்கு யார் யார் வரலைன்னு டீச்சர் கேட்டா சொல்ல ஆள் வேணுமேன்னு காய்ச்சலோட எழுந்து போயிட்டா. அப்படி ஒரு பைத்தியம். அவளுக்கு வலது காது கொஞ்சம் மந்தம். வெங்காயம் நறுக்கத் தெரியாது. முன்னூறு குழந்தைங்க அவ கையில பொறந்திருக்கு, ஒவ்வொண்ணோட எடையும் மனப்பாடமா சொல்லுவா. முதல் குழந்தை மூணு கிலோ நூறு கிராம், ரெண்டாவது ரெண்டரை, மூணாவது இரட்டை..."

"அப்படியா" என்றார் சர்க்கரை கனிவாக. கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது.

மூச்சு வாங்கியது. சொல்வதற்கு உண்மை தீர்ந்துகொண்டே வந்தது. தங்கைக்கு நடக்காததையெல்லாம் நடந்ததாகச் சொல்லத் தொடங்கினார். இல்லாத கல்யாணம், இல்லாத பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் படிப்பு. மண்டபத்திலிருந்து வெளியே வந்த பிரதிநிதிகள் இருவரையும் சுற்றிக்கொண்டு குழுப் படத்துக்குப் போனார்கள். காப்பாற்றப்பட்டவர் மட்டும் நடையை நிறுத்தினார். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் மணிக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து, ஒன்றும் கேட்காமல், சும்மா நின்றார்.

கோட்டுப் பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது. ஒரே ஒருமுறை.

தாண்டிவிட்டாள் என்று இருக்கலாம். நடுப்பாலத்தில் கட்டிலை இறக்கி வைத்திருக்கிறோம், இங்கேயே பிறக்கப்போகிறது என்றும் இருக்கலாம். எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு கணம் பேச்சை நிறுத்த வேண்டும். எதிரே கட்டைவிரல் காத்திருந்தது.

"அப்புறம் என்னாச்சுன்னா ஐயா" என்றார் மணிக்காரர், "அவளோட நாலாவது பையன் இருக்கானே..."